முதல் தடவை, இரண்டு பேர் மட்டும்: எந்த மெயின்செயில் (பிரதான பாய்) உள்ள யாட்டை (பாய்ப் படகை) எடுப்பது?

கல்லடிப்பாலம் (மட்டக்களப்பு)

எல்லோருக்கும் வணக்கம். வருகிற பெப்ரவரியில் நானும் மனைவியும் தாய்லாந்தின் புக்கெட்டில் ஒரு கிழமைக்கு யாட் ஒன்றை வாடகைக்கு எடுக்கப் போகிறோம். ஸ்கிப்பர் கிடையாது, கூட்டாளிகளும் இல்லை; நாங்கள் இருவர் மட்டும். டுபாயில் வேலை செய்த காலத்தில் இருவரும் பாடநெறி முடித்தோம். அதற்குப் பிறகு மற்றவர்களின் படகுகளில் ஓடிப் பழகியிருக்கிறோம். முழுப் பொறுப்பும் எங்கள் தலையில் வருவது இதுதான் முதல் தடவை.

இரண்டு படகுகள் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது 36 அடி, 12 வயது. மெயின்செயில் பாய்மரத்துக்குள்ளேயே சுருளும் இன்-மாஸ்ட் ஃபர்லிங். இரண்டாவது 37 அடி, 4 வயது; மேலே ஏற்றி இறக்கும் ஃபுல் பட்டன் மெயின், அதாவது பாய்க்குக் குறுக்கே முழு நீளத்துக்கும் பட்டன் என்ற சட்டங்கள் வைத்தது. லேஸி பேக் (இறங்கும் பாய் விழுகிற பை) இருக்கிறது, ரீஃப் (பாயைச் சுருக்கும்) கயிறுகள் கொக்பிட் (சுக்கான் உள்ள பின்தளம்) வரை வருகின்றன என்று எழுதியிருக்கிறார்கள். வாடகை இரண்டாவதற்குக் கொஞ்சம் கூட.

நாங்கள் படித்தது ஏற்றி இறக்கும் பாயில். இன்-மாஸ்ட் உள்ள படகை இயக்கியதில்லை. மனைவி மெலிந்த ஆள். 37 அடிப் படகின் மெயினை ஏற்றுவது அவருக்குப் பாரமாக இருக்குமோ என்று யோசிக்கிறேன். இரண்டு பேருக்கு எது தோதானது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று அலை (அம்பாறை மாவட்டம்)

யோசிக்கவே வேண்டாம், இன்-மாஸ்ட். ஒருவர் சுக்கானில் நிற்க, மற்றவர் கொக்பிட்டில் இருந்தபடியே ஒரு கயிற்றை விட்டு இன்னொன்றை இழுத்தால் பாய் உள்ளே போய்விடும். யாரும் டெக்கில் ஏறத் தேவையில்லை. ஏற்றும் பாயில் முதல் ரீஃப், இரண்டாம் ரீஃப் என்று குறித்த அளவுகள்தான் உண்டு. இதில் காற்றுக்கு ஏற்ற மாதிரி எந்த அளவும் வைக்கலாம். பின்னேரம் நங்கூரம் போட்ட பிறகு பாயை மடித்து, சிப் இழுத்து மூடுகிற வேலையும் இல்லை. விடுமுறைக்குப் போகிற இரண்டு பேருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வாழைச்சேனை டெக் (மட்டக்களப்பு மாவட்டம்)

கல்லடிப்பாலம் தம்பி, நான் லங்காவியில் வாடகைப் படகுகளைப் பராமரிக்கும் இடத்தில் வேலை செய்தவன். பாய் கழற்றுவது, கழுவுவது, திரும்பிப் பூட்டுவது எல்லாம் எங்கள் வேலைதான். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அக்கரைப்பற்று அலை சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அது நல்ல நிலையில் உள்ள பாய்க்கு. நீங்கள் எழுதியதில் என் கண் போன இடம் அந்த 12 வயது. அந்தப் படகின் பாயும் அதே வயதா என்பதை முதலில் கேளுங்கள்.

வெயிலும் காற்றும் சேர்ந்து டக்ரோன் என்ற பாய்த் துணியை இழுத்து விடும். நாள்பட்ட பாயின் நடுவில் வயிறு வைத்துவிடும். பழைய சேலையை ஒரு தடியில் சுற்றிப் பாருங்கள், நடுவில் மடிப்பு விழும். பாய்மரத்துக்குள் நடப்பதும் அதுதான். உள்ளே இருக்கிற இடம் ஒடுக்கம். மடிப்பு விழுந்த சுருள் தடித்துப் போய், அடுத்த நாள் வெளியே இழுக்கும்போது பாய்மரத்தின் ஒடுங்கிய பிளவில் துணி இரட்டையாக வந்து இறுகும். இன்-மாஸ்ட் பாய் மாட்டிக்கொண்டது என்று வருகிற அழைப்புகளில் பெரும்பாலும் கதை இதுதான்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. பாதி வெளியே, பாதி உள்ளே என்று மாட்டிக்கொண்ட பாயை இறக்க முடியாது. ஹல்யார்ட்டை (பாயை ஏற்றும் கயிற்றை) அவிழ்த்தாலும் பாய் கீழே வராது, ஏனென்றால் சுருள் உள்ளே இருக்கிறது. முழுவதும் வெளியே வந்தால்தான் இறக்கலாம். காற்று ஏறும்போது பாதிப் பாய் மேலே நின்றுவிட்டால் இரண்டு பேருக்கு அது பெரிய சோதனை.

புதிய பாய், வடிவாகப் பராமரித்தது என்றால் நானும் இன்-மாஸ்டுக்கு எதிரி இல்லை.

பாலமீன்மடு (மட்டக்களப்பு)

வாவியில் பாய் விரித்துத் தோணி ஓடிய காலத்தைப் பார்த்தவன் நான். கச்சான் காற்று கரையிலிருந்து திடீரென்று அடித்து இறங்கும். அப்போது பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றை விட்டால் போதும், பாய் தோணிக்குள் விழுந்துவிடும். கிழவனும் செய்வான், சின்னப் பொடியனும் செய்வான். மேலே ஏறிய பாய் தன் பாரத்திலேயே கீழே வர வேண்டும். யாட் எனக்குத் தெரியாது தம்பி. ஆனால் எந்தக் கப்பலாக இருந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பேன்: இந்தப் பாய் கையை விட்டால் விழுமா?

அக்கரைப்பற்று அலை

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் ஃபுல் பட்டன் பாயும் விட்டவுடன் விழுவதில்லை. படகு காற்றுக்கு முகம் கொடுத்து நிற்காவிட்டால் பட்டன்கள் பக்கத்துக் கம்பிகளில் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். பாய்மரத்தில் பாயை ஓடவிடும் சறுக்கிகள் உப்புப் பிடித்து இறுகியிருந்தால் ஒருவர் பாய்மரத்தடிக்குப் போய்க் கையால் இழுத்து இறக்க வேண்டும். அலையில் ஆடுகிற படகில், கூரை மேல் ஏறி நின்று. அதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். ஏற்றும்போதும் அப்படித்தான், பட்டன் நுனி, இறங்கும் பாயை இரு பக்கமும் தாங்கும் லேஸி ஜாக் கயிற்றில் போய்ச் சிக்கும். சுக்கானில் நிற்பவர் படகைக் கொஞ்சம் விலக விட்டால் போதும், திரும்பவும் இறக்கி ஏற்ற வேண்டும்.

வாழைச்சேனை டெக்

அதுவும் உண்மை. லேஸி ஜாக்கை ஏற்றுவதற்கு முன் தளர்த்தி, பாய்மரத்தடிக்கு இழுத்துக் கட்டினால் அந்தச் சிக்கல் முக்கால்வாசி போய்விடும். பாய் ஏறிய பிறகு பழையபடி இழுத்துவிட வேண்டும். மறந்தால் இறக்கும்போது பாய் முழுக்க டெக்கில் பரந்துவிடும். சறுக்கி இறுகியிருந்தால் படகைக் கையேற்கும்போதே தெரியும். துறையில் கட்டியிருக்கும்போது, காற்று இல்லாத காலையில், பாயை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஹல்யார்ட்டை விட்டதும் பாதி தூரமாவது தானாக வர வேண்டும். வராவிட்டால் சறுக்கிகளுக்குச் சிலிக்கோன் ஸ்பிரே அடித்துத் தரச் சொல்லலாம். ஐந்து நிமிட வேலை.

இன்-மாஸ்டுக்கு இப்படி ஒரு பார்வையில் தெரியாது. பாய் உள்ளே சுருண்டு கிடக்கும். வெளியே இழுத்து விரித்து, திரும்பச் சுருட்டிப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

ஒலுவில் நங்கூரம் (அம்பாறை மாவட்டம்)

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். புக்கெட் பக்கம் படகு ஓடியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாமா? இன்-மாஸ்டா இல்லையா என்று கதைக்கிறவர்கள் அங்குள்ள காற்றை மறந்துவிட்டீர்கள்.

நமக்கு வாடை காலம் என்றால் மழை, கொந்தளிப்பு, கரையில் படகு ஏற்றிவைக்கிற காலம். அங்கே அதே வடகீழ்ப் பருவக்காற்றுத் தரையைத் தாண்டி வருகிறது. புக்கெட்டுக்குக் கிழக்கே பங்கா குடா. கடல் தட்டை, வானம் வெளிப்பு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதுதான் அங்கே யாட் ஓடும் காலம். பெப்ரவரியில் காலையில் நல்ல காற்று இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு சோர்ந்துவிடும் நாட்கள் நிறைய. சோர்ந்த காற்றில் இன்-மாஸ்ட் பாய் சப்பையாகத் தொங்கும். கிடையாகப் பட்டன் வைக்க முடியாததால் பாயின் பின்விளிம்பை உள்வளைவாக வெட்டியிருப்பார்கள், பரப்பும் குறைவு. ஃபுல் பட்டன் பாய் அதே காற்றில் வடிவம் பிடித்து இழுக்கும். எஞ்சின் போட்டுக்கொண்டே திரிவதற்கு யாட் எதற்கு?

அதே நேரம், அந்தச் சுண்ணாம்புக்கல் தீவுகள் செங்குத்து. இரண்டு தீவுகளின் இடைவெளியைக் கடக்கும்போது காற்று சட்டென்று பலக்கும், அடுத்த தீவின் மறைவில் செத்துவிடும். ஆகவே கெதியாகச் சுருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று வற்றுப்பெருக்கு. நம் கரையில் ஒரு மீற்றருக்கும் குறைவு, கணக்கிலேயே எடுப்பதில்லை. அங்கே பறுவத்துக்கும் அமாவாசைக்கும் இரண்டரை, மூன்று மீற்றர் வரை போகும், குடாவின் வடக்குப் பக்கம் ஆழமும் குறைவு. நங்கூரம் போடும்போது நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று பார்த்துப் போடுங்கள். பாயை விட இதில்தான் புதியவர்கள் மாட்டுவார்கள்.

பொத்துவில் வாசி (அம்பாறை மாவட்டம்)

இடையில் ஒரு கேள்வி. கட்டமரான் எடுத்தால் என்ன? புக்கெட்டில் நிறைய இருக்கிறதாமே. சாயாது, இடமும் அதிகம்.

ஒலுவில் நங்கூரம்

தம்பி, குடும்பம் பிள்ளைகளோடு என்றால் நல்ல யோசனை. இரண்டு பேருக்கு முதல் தடவை என்றால் நான் சொல்லமாட்டேன். கட்டமரானின் மெயின் பெரியது, பாரம், பெரும்பாலும் ஃபுல் பட்டன்தான். அதைவிட முக்கியம், அது சாயாது என்பதே. ஒற்றை உடல் யாட்டில் பாய் கூடிவிட்டால் படகு சாய்ந்து, சுக்கான் கனத்து, உடனே சொல்லிவிடும். கட்டமரானில் அந்தச் சைகை கிடைக்காது. காற்றளவியின் எண்ணைப் பார்த்து, படகின் கையேட்டில் உள்ள அட்டவணைப்படி ரீஃப் எடுக்க வேண்டும். உடம்பால் படித்துக்கொள்கிற கட்டத்தில் சாய்கிற படகே நல்ல வாத்தியார்.

பொத்துவில் வாசி

விளங்கியது காக்கா. நம் பக்கம் இப்படி வாடகை யாட் ஏன் வருவதில்லை என்றும் யோசிக்கிறேன்.

ஒலுவில் நங்கூரம்

கட்டிவைக்க இடம் வேண்டுமே. ஒலுவில் துறைமுகத்தின் வாயில் மண் அடைத்துக்கொண்டே இருக்கிறது. பாசிக்குடா அழகு, ஆனால் ஆழம் இல்லை; யாட்டின் அடிக்கத்தி இரண்டு மீற்றர் இறங்கி நிற்கும். அறுகம்பேயில் அலை. எல்லாக் காலத்துக்கும் பாதுகாப்பான இயற்கைத் துறை என்றால் திருகோணமலைதான். இதற்குத் தனி இழை போடுங்கள், நானும் எழுதுகிறேன். எனக்கு மனம் எரிகிற விஷயம் அது.

களுவாஞ்சிக்குடி கடல் (மட்டக்களப்பு மாவட்டம்)

நானும் கணவரும் கிரேக்கத்தில் லெஃப்காடா பக்கம் இரண்டு பேராகத்தான் ஓடுவோம். அங்கே கோடையில் காலை காற்று இராது, மத்தியானத்துக்குப் பிறகு வடமேற்கிலிருந்து ஏறும், பொழுது படத் தணியும். அதனால் ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில் பாயைச் சுருக்குகிற வேலை கட்டாயம் வரும். இரண்டு வகைப் பாயிலும் செய்திருக்கிறோம்.

முதலில் அந்த "மனைவி மெலிந்தவர்" என்ற கவலைக்கு. பெண்ணுக்குப் பலம் போதாது என்று படகை முடிவெடுக்காதீர்கள். மெயினை ஏற்றுவது வின்ச்சின் (கயிறு இழுக்கும் உருளையின்) வேலை. மேலே போகப் போகத்தான் இறுகும். கடைசி இரண்டு மீற்றரை வின்ச் கைப்பிடி போட்டு ஆறுதலாகச் சுற்றினால் ஏறிவிடும். அவசரப்படத் தேவையில்லை, ஓட்டோபைலட் படகைக் காற்றுக்கு முகமாகப் பிடித்துக்கொள்ளும். தோள்பலத்தை விட முக்கியம் சுக்கானில் நிற்பவர் படகை நேராகப் பிடிப்பது.

இனி ரீஃப். இரண்டு பேருக்கு நான் கண்டதில் மிக அமைதியான வழி ஹீவ்-டு செய்து எடுப்பது. படகைத் திருப்பும்போது ஜிப்பை (முன்பாயை) விடாமல் அப்படியே வைத்திருங்கள். அது பின்பக்கமாகக் காற்றைப் பிடிக்கும். சுக்கான் சில்லைக் காற்று வரும் பக்கம் முழுக்கச் சுற்றிப் பூட்டிவிட்டு மெயின்ஷீட்டை (மெயினின் கோணத்தைப் பிடிக்கும் கயிற்றை) தளர்த்துங்கள். படகு கிட்டத்தட்ட நின்று, மெதுவாகப் பக்கவாட்டில் நகரும். சத்தம் குறையும், ஆட்டம் குறையும். காற்று வலப்பக்கமாக வரும்படி நின்றால் காற்றை இடப்பக்கமாக வாங்கி வரும் பாய்ப் படகுகள் உங்களுக்கு வழிவிட வேண்டும், அதுவும் ஒரு வசதி.

அப்படி நின்றபடி கிக்கரை (பாயின் அடியில் உள்ள பூம் என்ற தடியைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிற்றை) தளர்த்தி, ஹல்யார்ட்டைக் குறித்த அளவுக்கு இறக்கி, ரீஃப் கயிற்றை வின்ச்சில் இழுத்து இறுக்கி, ஹல்யார்ட்டைத் திரும்ப இறுக்கினால் முடிந்தது. ஒருவர் செய்யலாம். மற்றவர் சுற்றிப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இதில் ஒரு நிபந்தனை: ஜிப் தானாகத் திரும்புகிற செல்ஃப் டாக்கிங் வகை என்றால் அதைப் பின்பக்கமாக நிறுத்துவது கஷ்டம். படகை எடுக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது எடுப்பது? எடுக்கலாமா என்று யோசனை வந்தவுடன். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 10 நொட் (மணிக்குக் கடல்மைல்) 14 ஆனால் அழுத்தம் இரட்டிப்பு, 20 ஆனால் நான்கு மடங்கு. இரண்டு பேராக இருக்கும்போது நாங்கள் 15 நொட்டிலேயே முதல் ரீஃபைப் போட்டுவிடுவோம்.

கல்லடிப்பாலம்

அக்கா, மிக்க நன்றி. ஹீவ்-டு பாடநெறியில் காட்டினார்கள், ரீஃபுக்குப் பயன்படுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை. மனைவியும் இந்த இழையை வாசிக்கிறார். தானே எழுதுகிறேன் என்கிறார்.

வாவிமகள் (மட்டக்களப்பு)

வணக்கம். கல்லடிப்பாலத்தின் மனைவி நான்தான். எல்லோரும் இரண்டு பேர் என்று எழுதுகிறீர்கள். எனக்கு உள்ள பயம் வேறு. இவருக்குக் கடல்நோய் வந்து கீழே படுத்துவிட்டால், அல்லது கையில் அடிபட்டால், அல்லது, சொல்லவே பிடிக்கவில்லை, இவரே தண்ணீரில் விழுந்துவிட்டால், மேலே நிற்பது நான் ஒருத்திதான். எந்தப் பாயை நான் தனியாக அடக்கலாம்?

களுவாஞ்சிக்குடி கடல்

தங்கச்சி, இந்த இழையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இரண்டு பேர் படகு என்றாலே ஒரு நேரத்தில் ஒருவர் படகுதான். ஒருவர் சமைப்பார், ஒருவர் உறங்குவார். ஆகவே ஒருவர் தனியாக நின்று பாயை இல்லாமல் ஆக்க வேண்டும், அதை இரண்டு பேரும் செய்ய வேண்டும். பாய் வகையை இந்த அளவுகோலால் பாருங்கள்.

ஆள் விழுந்தால் முதல் வேலை அவரை விட்டுத் தூரம் போகாமல் இருப்பது. ஜிப்பை விடாமல் உடனே படகைத் திருப்புங்கள், மேலே சொன்ன அதே ஹீவ்-டு. படகு அவருக்குக் கிட்டவே நிற்கும். மிதவையை வீசி, ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் பொத்தானை அமுக்கி, விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் சொல்லிவிட்டுத்தான் எஞ்சின். எஞ்சினைப் போடுவதற்கு முன் தண்ணீரில் கயிறு எதுவும் கிடக்கவில்லை என்று பார்க்க வேண்டும், புரொப்பெல்லரில் சுற்றினால் எல்லாம் முடிந்தது. பிறகு ஜிப்பைச் சுருட்டி, மெயினை இறக்குங்கள். இறக்க என்றால் ஃபுல் பட்டனில் காற்றுக்கு முகம் கொடுத்து ஒரு கிளட்ச்சை (கயிற்றைப் பூட்டும் பிடியை) திறப்பது மட்டும்தான். பாய் லேஸி பேக்குக்குள் அரைகுறையாக விழுந்து கிடந்தாலும் பரவாயில்லை, காற்றைப் பிடிக்காது. இன்-மாஸ்டில் ஒரு கையால் அவுட்ஹோலை (பாயை வெளியே இழுக்கும் கயிற்றை) இறுக்கம் குறையாமல் விட்டுக்கொண்டு, மறு கையால் சுருட்டும் கயிற்றை இழுக்க வேண்டும். நிதானமாக இருக்கும்போது ஒருவரே செய்யலாம். நெஞ்சு படபடக்கும்போது அவுட்ஹோலை அப்படியே விட்டுவிடத்தான் கை போகும். தளர்வாகச் சுருண்டால் வாழைச்சேனைத் தம்பி சொன்ன மடிப்பு.

அக்கரைப்பற்று அலை

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை என்றாலும் ஒன்றை விடமாட்டேன். கிளட்ச்சைத் திறந்து பாய் விழுந்ததும் பூம் ஆடுமே. இன்-மாஸ்டில் பாய் உள்ளே போய்விட்டால் பூமில் இழுக்கிற சக்தியே இல்லை, டெக்கில் துணியும் இல்லை, கண்ணுக்குத் தடையும் இல்லை. அக்கா சொன்ன அவுட்ஹோல் பயமும் பழகினால் போய்விடும். வின்ச்சில் ஒரு சுற்றுப் போட்டுவிட்டால் அது தானே இறுக்கம் தரும், இரண்டு கையும் சுருட்டும் கயிற்றுக்குக் கிடைக்கும்.

வாழைச்சேனை டெக்

அந்த ஒரு சுற்று நல்ல புத்தி. இன்-மாஸ்ட் எடுக்கிற யாராவது இந்த இழைக்குப் பிறகு வருவார்கள், அவர்களுக்காக மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

பூமின் கோணம்தான் உயிர். பூம் மேலே தூக்கியிருந்தால் பாயின் அடிவிளிம்பு இறுகி, பின்விளிம்பு தளரும். சுருள் கீழே இறுகி மேலே தொளதொளவென்று இருக்கும். கீழே தாழ்ந்தால் மறுபக்கம் பிழைக்கும். நல்ல இடங்களில் கிக்கர் கயிற்றில் நிறத்தால் குறி போட்டு வைத்திருப்பார்கள். குறி இல்லாவிட்டால், பாய் வடிவாகச் சுருளும் நிலையைக் கையளிப்பவர் காட்டும்போதே நீங்கள் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

பிளவு எந்தப் பக்கம் இருக்கிறது, சுருள் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதைப் பொறுத்து, காற்று ஒரு பக்கமாக வரும்போது துணி சுலபமாக உள்ளே போகும், மறுபக்கமாக வந்தால் விளிம்பில் உரசும். எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதி வையுங்கள். நேரே காற்றுக்கு முகம் கொடுத்துப் பாயைப் படபடக்க விட்டுச் சுருட்டாதீர்கள். கொஞ்சம் விலகி, பாய் மெல்லக் காற்றைப் பிடித்தபடி வர வேண்டும்.

வெளியே இழுக்கும்போது எதிர்ப்பக்கம்: சுருட்டும் கயிற்றில் லேசான பிடி வையுங்கள். அப்படியே விட்டால் உள்ளே சுருள் தளர்ந்து, பிளவில் இரட்டையாக வரும். மாட்டினால் வின்ச்சால் இழுக்கவே கூடாது, மின்சார வின்ச் என்றால் கிட்டவும் போகக்கூடாது. கொஞ்சம் உள்ளே சுற்றி, கொஞ்சம் வெளியே விட்டு, அப்படி அப்படியே இளக்க வேண்டும்.

பாலமீன்மடு

வாவிமகள் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

கல்லடிப்பாலம்

இரண்டு படகுகளுக்கும் மின்னஞ்சல் போட்டுக் கேட்டோம். பதில் வந்திருக்கிறது, கதை கொஞ்சம் மாறிவிட்டது.

12 வயதுப் படகின் இன்-மாஸ்ட் பாய் போன வருடம் மாற்றிய புதியது. 4 வயதுப் படகின் பாய் படகோடு வந்த அதே பாய். அதோடு முதல் ரீஃப் கயிறு மட்டும்தான் பூட்டியிருக்கிறதாம். "இரண்டாவதை யாரும் கேட்பதில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது என்ன செய்வது?

அக்கரைப்பற்று அலை

புதிய பாய் என்றால் என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

வாழைச்சேனை டெக்

உண்மைதான், புதிய பாய் என்றதும் என் முதல் ஆட்சேபம் விழுந்துவிட்டது. அந்தப் படகை எடுத்தாலும் குறை சொல்லமாட்டேன். ஆனால் 12 வயது என்பது பாய்க்கு மட்டும் இல்லை. உள்ளே சுருட்டுகிற பொறியின் பேரிங், மேலே உள்ள சுழலி, கயிறு எல்லாவற்றுக்கும் உண்டு. அதையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ஃபுல் பட்டன் பாய் 4 வருடம் ஓடியது என்றால் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வயிறு வைத்த பாயும் ஏறும், இறங்கும். துணி கிழவனாகிவிட்டாலும் பாதுகாப்பு குறையாத பாய் இதுதான். இரண்டாவது ரீஃப் கயிறு இல்லாதது மட்டும் விடக்கூடாத விஷயம். அது பூம் வழியாகக் கயிறு ஒன்றை ஓட்டுகிற வேலை. துறையில் அரை நாள்கூடத் தேவையில்லை. பூட்டித் தராவிட்டால் எடுக்கமாட்டோம் என்று எழுத்தில் கேளுங்கள்.

வாவிமகள்

நாங்கள் பேசி முடிவெடுத்துவிட்டோம். ஏற்றி இறக்கும் பாய் உள்ள 37 அடிப் படகு, இரண்டாவது ரீஃப் பூட்டித் தருவதாக இன்று காலை எழுத்தில் சம்மதித்துவிட்டார்கள். படித்தது இந்தப் பாயில் என்பது ஒரு காரணம். நான் ஒருத்தியே கிளட்ச்சைத் திறந்தால் இறங்கும் என்பது பெரிய காரணம். முதல் நாள் தூரம் போகாமல், துறைக்குக் கிட்டவே நின்று ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க மற்றவர் எல்லாம் செய்வது என்று பேசியிருக்கிறோம், பிறகு மாறி.

ஒலுவில் நங்கூரம்

நல்ல முடிவு தங்கச்சி. புக்கெட்டின் ஆவ் போ துறையிலிருந்து புறப்படுகிறீர்கள் என்றால் முதல் நாளுக்குக் கோ யாவ் நொய் தீவுப் பக்கம் போதும். ஓட்டமும் குறுகியது, தீவின் மறைவும் உண்டு.

களுவாஞ்சிக்குடி கடல்

முதல் நாள் பயிற்சியில் ரீஃபைக் காற்று இல்லாதபோதே இரண்டையும் எடுத்துப் பாருங்கள். எந்தக் கயிறு எந்தக் கிளட்ச் என்பது கைக்குத் தெரிய வேண்டும். வாடகைப் படகில் கிளட்ச்சில் ஒட்டியிருக்கிற பெயர் சில நேரம் வேறு கயிற்றுக்குரியதாக இருக்கும்.

வாழைச்சேனை டெக்

நிற ஒட்டுநாடா இரண்டு நிறத்தில் கொண்டு போங்கள். துறையில் நிற்கும்போதே முதல் ரீஃப் அளவுக்கு ஹல்யார்ட்டை இறக்கி, கிளட்ச்சுக்கு நேரே கயிற்றில் ஒரு நிறம் சுற்றுங்கள். இரண்டாவது ரீஃபுக்கு மற்ற நிறம். பிறகு கடலில் அண்ணாந்து பார்த்து மட்டுக்கட்ட வேண்டியதில்லை, நிறம் கிளட்ச்சுக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். படகைத் திருப்பிக் கொடுக்கும்போது கழற்றாமல் விட்டுவிட்டு வாருங்கள், அடுத்து வருகிறவர்களுக்கும் உதவும்.

கல்லடிப்பாலம்

நாடா வாங்கியாயிற்று, சிவப்பும் நீலமும். கயிறு 10 மில்லிமீற்றர் இருக்கும் என்று நினைக்கிறேன், ஈரத்தில் கழராத வகை எது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

வாழைச்சேனை டெக்

கயிறு காய்ந்திருக்கும்போது சுற்றி, மேலே ஊசிநூலால் இரண்டு தையல் போடுங்கள். கிளட்ச்சுக்குள் போய் வந்தாலும் நிற்கும். தடிப்பாகச் சுற்ற வேண்டாம், கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும்.